கரை நீங்கும் கலம்

வெலிமடைக் குன்றுகளில் நின்று நோக்குவார்க்குத் தேயிலைப் பசுமையும் உருளைக்கிழங்குப் பாத்திகளுமே தோன்றும், கடல் தோன்றாது. ஆயினும், இலங்கைக் கடற்படை 1950இல் உருப்பெற்ற பின்னர், அதன் இளம் மாலுமிகள் முதற்பாடம் பயின்றது அண்மையிலுள்ள தியத்தலாவையிலேதான். 'றங்கல்ல' என்னும் பெயர் தாங்கிய அப்பயிற்சி முகாம், அலையோசை எட்டாத மலைமேட்டில் அமைந்திருந்தது. முடிச்சிடுதலும் கட்டளைக்குப் பணிதலும் ஆங்குக் கற்றவன், அவற்றின் பொருளை உணர்ந்தது திருகோணமலைத் துறையிலேயாம்.

போர்க்கப்பல் கரை நீங்குதல் காண்பார்க்குச் சில நிமிடக் காட்சி. அதன் ஆயத்தமோ பல மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். நீராவிக் கப்பலாயின் கொதிகலன்களில் முன்னரே தீ மூட்டுவர், சுக்கானை இருபுறமும் திருப்பிச் சோதிப்பர், ஆட்கணக்கு எடுப்பர். அணியத்தில் ஒரு குழுவும் பின்தளத்தில் ஒரு குழுவும் வடங்களருகே நிற்கும். மிகையாய் இட்ட வடங்களை முதலில் அகற்றி, ஒவ்வோரிடத்தும் ஒன்றே எஞ்சச் செய்வர். ஆணை பிறந்ததும் அவற்றையும் முறையே கழற்றி இழுப்பர். பின்வடம் நீரில் தளர்ந்து கிடப்பின் சுழல்விசிறியிற் சிக்கிவிடும். ஆதலின் அது முற்றும் ஏறிவிட்டதென்ற குரலுக்கு மேல்தளத்தார் செவிசாய்த்திருப்பர். நங்கூரத்தை உடன் இறக்கத்தக்க நிலையிலேயே வைத்திருப்பர். இயந்திரம் பழுதுற்றாற் கலத்தைத் தடுக்க அதுவே துணை. கடைசி வடம் கழன்றதும் அணியத்துச் சிறுகொடி இறங்கும். அக்கணம் முதல் கப்பல் கடலுக்குரியது.

முகாமைச் சூழ்ந்த தோட்டங்களின் இளைஞர் பலர்க்கோ இப்பயிற்சி வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. பிரசையல்லாதார்க்கு அரச சேவையின் கதவு அடைபட்டிருந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புகைவண்டியேறின. ஆங்கும் மாலுமிகள் வடம் கழற்றினர். ஆங்கும் கப்பல் கரை நீங்கியது. 1984இல் அச்சேவை நின்றது. எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

கடற்படை மாலுமி, திரும்பி வரும் துறையை நெஞ்சில் வைத்தே வடத்தைக் கழற்றுகிறான். தலைமன்னாரிற் கப்பலேறியவர்க்கு அத்தகைய துறை இருக்கவில்லை. மலைநாட்டு மாணவர் இவ்விரு பயணங்களையும் ஒருசேரக் கற்றல் வேண்டும்.