மோட்டார் சைக்கிளின் வில்லும் எண்ணெயும்

மேடும் பள்ளமுமான சாலையில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து போயிருப்பீர்கள். சில வண்டிகள் பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வரை அடி விழும். சில வண்டிகளோ பள்ளத்தைத் தாண்டிய பின்னும் தொட்டிலைப் போல ஆடிக்கொண்டே போகும். "ஷாக் அப்சார்பர் போய்விட்டது; புதிதாகப் போட வேண்டும்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் அளவு நாடாவை எடுப்பது நல்லது. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பதை உங்கள் பௌதிகப் பாடத்தின் சில விதிகளே காட்டிக் கொடுக்கும்.

இது சுகத்தை மட்டும் பற்றிய பேச்சன்று. டயர் தரையை அழுத்தும் வரைதான் உராய்வு உண்டு. உராய்வு இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். வண்டி வளைவில் திரும்பும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் எத்தனை உயர்ந்த பிரேக்கும் பயன்படாது. ஆகவே சக்கரத்தைத் தரையோடு இருத்தி வைப்பதே இந்த அமைப்பின் முதல் வேலை. நம்மைக் குலுங்காமல் காப்பது அதற்கு அடுத்த வேலைதான்.

வில் வாங்கும், எண்ணெய் அடக்கும்

முன் ஃபோர்க்கிலும் பின் ஷாக் அப்சார்பரிலும் முக்கியமானவை இரண்டு: சுருள்வில், எண்ணெய். ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோகிராம் எடையுள்ள வண்டி 5 செ.மீ. கீழே இறங்கினால் சுமார் 100 ஜூல் ஆற்றல் வெளிப்படும். வில் அதை வாங்கிச் சேமிக்கும்; அழிக்காது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் இருந்தால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். இங்கேதான் எண்ணெயின் வேலை தொடங்குகிறது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் பிதுங்கி ஓடும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, ஆட்டம் அடங்குகிறது. இதற்குத் தணிப்பு என்று பெயர்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களும் எண்ணெய்த் தணிப்பும் கொண்ட முன் ஃபோர்க்கை, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935இல் தன் ஆர் 12 வண்டியில் பொருத்தி விற்றது. இன்று நம் தெருவில் ஓடும் வண்டிகளிலும் அடிப்படை அதுவே.

முதலில் அளந்து பாருங்கள்

வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையில் படாதபடி பாருங்கள். சக்கரத்தின் அச்சிலிருந்து, நேர் மேலே சட்டத்தில் ஓர் அடையாளம் வரை அளந்து குறியுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழக்கமாக ஓட்டுபவரை அமரச் செய்து மீண்டும் அளங்கள். ரப்பர் சீல்களின் உராய்வு அளவைச் சற்று மாற்றிவிடும். ஆகவே ஒரு முறை வண்டியை லேசாக அழுத்தி விட்டும், மறு முறை லேசாகத் தூக்கி விட்டும் அளந்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவு 560 மி.மீ., இரண்டாவது 530 மி.மீ. என்றால், வண்டி 30 மி.மீ. அமிழ்ந்திருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு அமிழ்ந்திருப்பது சாலையில் ஓட்டுவதற்கு ஏற்றது. மொத்த அசைவு 90 மி.மீ. ஆனால் இந்த 30 மி.மீ. சரியான அளவே.

"அமிழாமலே இருந்தால் இன்னும் நல்லதல்லவா?" என்று கேட்பீர்கள். அன்று. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். அமிழாத வண்டியில் சக்கரம் இறங்க இடமில்லை. டயர் அந்தரத்தில் நிற்கும். அளவுக்கு மீறி அமிழ்ந்தாலோ மேடு வரும்போது சக்கரம் மேலே ஏற இடம் இராது; "டக்" என்று அடிக்கும்.

வளையத்தைத் திருப்பினால் வில் கடினமாகுமா?

இரட்டைப் பின் ஷாக் அப்சார்பர் உள்ள பல வண்டிகளில், வில்லின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதற்குரிய ஸ்பானரால் அதைத் திருப்பலாம். "திருப்பினால் வில் கடினமாகிவிடும்" என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஹூக் விதி வேறு கதை சொல்கிறது.

1 மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை கேட்கும் வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 500 நியூட்டன் சுமை வைத்தால் 25 மி.மீ. அமுங்கும். இப்போது வளையத்தால் வில்லை முன்கூட்டியே 10 மி.மீ. இறுக்குகிறோம். முதல் 200 நியூட்டன் வரை அது அசையாது. மீதி 300 நியூட்டனுக்கு 15 மி.மீ. அமிழும். ஆனால் அதற்கு அடுத்த 1 மி.மீட்டருக்கும் அதே 20 நியூட்டன்தான்! ஆக, வில் கடினமாகவில்லை. வண்டி 10 மி.மீ. உயர்ந்தது, அவ்வளவே. பின்னால் ஆள் ஏறும்போது வளையத்தை இறுக்குவதும், இறங்கிய பின் தளர்த்துவதும் இதற்காகத்தான். இதற்குக் காசு வேண்டியதில்லை.

சிறு செலவு: எண்ணெய்

முன் ஃபோர்க்கைக் கீழே அழுத்திச் சட்டென விடுங்கள். ஒரு முறை எழுந்து அமைதியடைந்தால் நல்லது. பல முறை ஆடினால் தணிப்புக் குறைந்துவிட்டது. ஓடி ஓடி எண்ணெய் கெடுகிறது; தேய்ந்த உலோகத் துகள்கள் கலந்து கறுக்கிறது. பலர் எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள். ஃபோர்க் ஆயிலை ஆண்டுக் கணக்கில் மறந்துவிடுவார்கள். புதிய எண்ணெய் ஊற்றுவதே சிறிய செலவில் பெரிய மாற்றம் தரும்.

பாகுநிலை மிகுந்த எண்ணெய் தணிப்பைக் கூட்டும். ஆனால் ஒரே துளை வழியே எண்ணெய் ஓடும்போது வேகம் 2 மடங்கானால் தடை ஏறத்தாழ 4 மடங்காகும். ஆகவே எண்ணெயை மிகவும் கெட்டியாக்கினால் கூர்மையான மேடுகளில் கை வலிக்கும். அமுங்கிய சக்கரம் மீண்டு வருமுன் அடுத்த மேடு வந்துவிடும்.

எண்ணெயின் அளவும் முக்கியம். எண்ணெய்க்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு வில்தான். அது 200 க.செ.மீ. இருந்து, ஃபோர்க் முழுதும் அமுங்கும்போது 80 ஆகச் சுருங்கினால், பாயில் விதிப்படி அழுத்தம் 2½ மடங்காகும். 20 க.செ.மீ. எண்ணெய் கூடுதலாக ஊற்றினால்? 180 என்பது 60 ஆகும். அழுத்தம் 3 மடங்கு! பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மிகவும் குனிவதை இது குறைக்கும். ஆனால் அளவு மீறினால் ஆயில் சீல் கிழியும். வண்டிக்குரிய கையேட்டின் அளவிலிருந்து சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும்.

அடுத்த செலவு: வில்

வளையத்தை முழுதும் இறுக்கியும் வண்டி மிகுதியாக அமிழ்ந்தால், சுமைக்கு வில் போதவில்லை என்று பொருள். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ற வில்லை வாங்குவதே சரி. கம்பியின் தடிமன் 10 சதவீதம் கூடினால் வில்லின் கடினம் சுமார் 46 சதவீதம் கூடும். ஏனெனில் அது தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது.

முன் ஃபோர்க் வில்லின் சில சுருள்களை வெட்டி, அந்த இடத்தில் குழாய்த் துண்டு வைக்கும் சிக்கன வழியும் உண்டு. 40 சுருளில் 4 போனால் வில் 11 சதவீதம் கடினமாகும். குறைந்த சுருள்கள் அதே அசைவைப் பங்கிட வேண்டியிருப்பதே காரணம். ஆனால் அதிகம் வெட்டினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். ஆகவே இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

எண்ணெய் ஒழுகும், தணிப்பு இழந்த பின் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றத்தான் வேண்டும்; அதுவும் இரண்டையும் ஒன்றாக. வாயு அடைத்தவற்றைத் திறக்கவோ துளையிடவோ சூடாக்கவோ கூடாது. உயர்ந்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும். ஃபோர்க்கின் மேல் மூடியும் வில்லின் விசையால் தெறித்து வரக்கூடியது, கவனம் தேவை.

வரிசையை நினைவில் வையுங்கள்

முதலில் டயரின் காற்றழுத்தம். டயரும் ஒரு வில்லே. பிறகு அமிழ்வின் அளவு. பிறகு எண்ணெய். அதன் பின் வில். புதிய ஷாக் அப்சார்பர் கடைசி. ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்தாத விலை உயர்ந்த பொருளைவிட, அளந்து பொருத்திய எளிய பொருளே நன்றாக உழைக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தனியாக அமர்ந்தால் எவ்வளவு, பின்னால் ஒருவர் அமர்ந்தால் எவ்வளவு, வளையத்தின் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு என்று அட்டவணை இடுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.