ஊகத்திற்கும் புள்ளியுண்டோ?

விடை அறியாத வினாவை விட்டுவிடுவதா, ஊகித்தாவது விடை குறிப்பதா என மாணாக்கர் மயங்குவதுண்டு. அஃது அவ்வப் பரீட்சையின் புள்ளித்திட்டத்தைப் பொறுத்ததாகும். கடல்கடந்து கற்க விழைவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ரி. என்னும் புகுமுகத் தேர்வை நோக்குவோம். 2016 மார்ச்சில் திருத்தம் பெறும்வரை, ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாவுக்குச் சரியாயின் 1 புள்ளி; பிழையாயின் காற்புள்ளி கழிவு. காலென வகுத்தது ஏன்? கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடை குறிப்பவன் சராசரியாக ஒன்றிற் பெறுவது 1. நான்கிற் பிழைத்து இழப்பதும் 1. எஞ்சுவது சூனியம். ஆயின், ஒரு விடையையேனும் பிழையென விலக்க வல்லவனுக்கு ஊகம் இலாபமே. வினாவொன்றுக்குச் சராசரி பதினாறில் ஒரு புள்ளி மிஞ்சும். கழிவுக்கு அஞ்சி வெறிதே விட்டோர் இதனை இழந்தனர். கணித விடையைத் தாமே கண்டு நிரப்பும் வினாக்களுக்குக் கழிவே இருந்ததில்லை. அங்கு ஊகம் பலித்தல் அரிதன்றோ! இன்று அத்தேர்வில் எவ்வினாவுக்கும் கழிவில்லையாதலின், ஒன்றையும் விடாது விடையளித்தலே அறிவுடைமை.

பட்டப்பின் படிப்புக்குரிய ஜீ.ஆர்.ஈ. தேர்விலும் கழிவில்லை. கண்டிப்பு வேறிடத்தில் உளது. ஒரு பந்தியில் மூன்று வெற்றிடங்கள் இருப்பின், மூன்றும் சரியானாலன்றிப் புள்ளியில்லை. இரண்டை அறிந்தவனும் ஒன்றுமே அறியாதவனும் அங்கு ஒரு நிலையினரே! இஃது எமக்கு உவப்பன்று. கட்டுரைப் பகுதிக்கோ 0 முதல் 6 வரை அரைப்புள்ளிப் படிகளில் மதிப்பிடுவர்; ஓரளவு எழுதியவனுக்கு ஆங்கு ஓரளவு கிடைக்கும்.