சாளரத்துக்கு ஒரு திரை

வீட்டுச் சாளரத்துக்குத் திரை எதற்கு என்று வினவினால், அழகுக்கு என்றே பலரும் விடை கூறுவர். நமது தீவகத்திலே அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. முன்னாளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலே வளவைச் சுற்றி உயர்ந்து நின்ற ஓலை வேலியே வீட்டின் திரையாக விளங்கிற்று. வேலிக்கு உள்ளே முற்றம், முற்றத்துக்கு அப்பால் திண்ணை, அதற்கும் உள்ளே அறை. அவ்வறையின் யன்னலை வழிப்போக்கர் காண வழியில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்தோர் எழுப்பிய வீடுகள் பலவற்றுக்குக் கம்பி வேலியே காவல். யன்னல் நேரே தெருவைப் பார்க்கிறது.

இதன் விளைவு யாது? பட்டப்பகலிலே யன்னலைச் சாத்தி, விளக்கேற்றிப் பாடம் படிக்கும் மாணவியர் பலர் உளர். சாத்தினாற் காற்றும் வெளிச்சமும் இல்லை. திறந்தால் தெருவார் கண் உள்ளே வருகிறது. இவ்விரு துன்பங்களையும் இரண்டு யார் துணியும் ஒரு மாலைப் பொழுதும் நீக்கிவிடும்.

கடையில் வாங்கும் நீண்ட திரை நமது காற்றுக்கு ஈடுகொடாது. ஆண்டின் நடுவிலே சோளகமும் ஆண்டிறுதியிலே வாடையும் வீசும்போது, மேலே மட்டும் கட்டப்பட்ட திரை யன்னற் கம்பிகளுக்கிடையே புகுந்து அடித்துக் கிழியும். கடற்காற்றின் உப்பு இரும்பு வளையத்தைத் துருப்பிடிக்கச் செய்து, துணியிலும் கறை படிய வைக்கும். ஆதலால் நமக்கு ஏற்றது அரைத்திரை. அது யன்னலின் கீழ்ப்பாதியை மறைக்கும். மேற்பாதி காற்றுக்குத் திறந்திருக்கும். மேலும் கீழும் கட்டப்படுவதால் காற்று அதனைத் தூக்காது.

அளவைப் பார்ப்போம். யன்னல் 36 அங்குல அகலமும் 48 அங்குல உயரமும் உடையது என்றும், அதன் அடிப்பக்கம் நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். திரை 30 அங்குல உயரம் இருந்தால், அதன் மேல்விளிம்பு நிலத்திலிருந்து ஐந்தரை அடியில் அமையும். நடந்து செல்வோர் பார்வையைத் தடுக்க இது போதும். மேலே 3 அங்குலமும் கீழே 3 அங்குலமும் மடித்துத் தைப்பதற்குச் சேர்த்தால், வெட்டும் உயரம் 36 அங்குலம். திரை சுருக்கங்களோடு விழ வேண்டுமாயின், துணியின் அகலம் யன்னலின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. 45 அங்குலப் பன்னாத் துணியில் 2 யார் வாங்கிக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால், 72 அங்குல அகலம் கிடைக்கும். நீளத் திரையாயின் இதே யன்னலுக்கு இதனினும் கூடுதலான துணி வேண்டும். கிழியாத பழைய நூற்சேலை ஒன்று வீட்டில் இருப்பின் துணிச்செலவும் இல்லை.

துணியைத் தெரிவு செய்யும்போது, அதன் பின்னே கையை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அத்துணி ஆகாது. பகலில் வெளிச்சம் வெளியே மிகுதி. ஆதலால் மெல்லிய துணியும் மறைக்கும். இரவில் விளக்கு உள்ளே எரியும்போது அதே துணி காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துதல் வேண்டும். இன்றேல் முதற்சலவையிலே சுருங்கித் திரை குட்டையாகும். பின்னர் இரு பக்க விளிம்புகளையும் மடித்துத் தையுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் முதலில் 1 அங்குலமும், அடுத்து 2 அங்குலமும் மடித்துத் தைத்தால், கயிறு செல்லும் குழல் அமையும். அதிலே நைலோன் கயிற்றையோ பித்தளைக் கம்பியையோ செலுத்தி, யன்னற் சட்டத்தின் உட்புறத்திலே துருப்பிடியாத கொளுக்கிகளில் மாட்டுங்கள்.

தையல் இயந்திரம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1824ஆம் ஆண்டு உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, எழுத்தோடு ஊசிவேலையும் கற்பிக்கப்பட்டது. ஐசாக் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதோ 1851இல் தான். பின்தையல் போடத் தெரிந்த கை இத்திரைக்குப் போதும். ஆண்பிள்ளைகளும் இதனைப் பழகலாம். ஊசிக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது.

இறுதியாகப் பராமரிப்பு. உப்புப் படிந்த துணி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும். சவர்க்கிணற்று நீரில் அலசினால் உப்பு முழுதும் நீங்காது. கடைசி அலசலுக்கேனும் மழைநீரோ நன்னீரோ வேண்டும். நன்னீர் அரிதான நெடுந்தீவு போன்ற இடங்களிலே, சிறு திரைக்குச் சிறிதளவு நீரே போதும் என்பதும் அரைத்திரையின் நன்மையே.

நேயர்களே, எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே நாளில் திரை தைக்க வேண்டியதில்லை. பிள்ளை படிக்கும் மேசைக்கு அருகில் உள்ள யன்னலை முதலில் அளந்து பாருங்கள். அங்கே திரை விழுந்ததும் யன்னற் கதவுகளை அகலத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் புத்தகத்தின்மேல் விழட்டும்.