பேர் யாருக்கு?

மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒருவரது ஒருநாள் வேலையைக் கணக்கிற் பதிவதே பேர் போடுதல் ஆகும். குறித்த அளவு கொழுந்து பறித்தவர்க்கு முழுப்பேர். நிறுவையிற் குறைந்தால் அரைப்பேர். உழைப்பையும் பெயரையும் ஒரே சொல்லாற் குறிக்கும் இவ்வழக்கு, யார் செய்த வேலைக்கு யார் பெயர் பெறுகின்றார் என்னும் வினாவையும் எழுப்புகின்றது.

வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. மண் கரைந்தோடாதிருக்க மலைச் சரிவுகளிற் கான் வெட்டுவர். செடி தழைக்கக் கவ்வாத்து வெட்டுவர். கான் செவ்வையாக இருந்தால் மண் நிலைத்து நிற்கும். நிகழாத சரிவை எவரும் காண்பதில்லை. ஆதலால் அதனைத் தடுத்தவரை எவரும் போற்றுவதுமில்லை. கவ்வாத்தின் பயனோ மாதங்கள் சென்ற பின்னரே கொழுந்தாய்த் துளிர்க்கும். அதற்குள் வெட்டிய கை மறக்கப்படும். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் அத்தேயிலை நல்ல விலை பெறுமாயின், தோட்டத்தின் பெயரும் துரையின் திறமையுமே பேசப்படும்.

வரலாற்றின் போக்கும் இத்தகையதே. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தோமஸ் லிப்டன் இலங்கையிலே தோட்டங்கள் வாங்கியது 1890இல். அதற்கு முன்னரே இலங்கைத் தேயிலை லண்டன் சந்தையை எட்டியிருந்தது. எனினும் பிறநாட்டார் பலருக்கு இலங்கைத் தேயிலை என்றதும் நினைவில் எழுவது லிப்டனின் பெயரே. மலிவாக விற்றுப் பரப்பிய திறமை அவருடையது. அதற்குரிய புகழைக் குறைத்தல் நேர்மையன்று. ஆனால் காடு வெட்டிக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளர் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் ஏறவில்லை. இது வெறும் மனக்குறை அன்று. நாட்டைச் செழிக்கச் செய்தோர் என்று ஏற்கப்படாதவரை அந்நியர் என ஒதுக்குதல் எளிது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர் வழிவந்தோரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

முன்னரே புகழ் பெற்றவரிடமே மேலும் புகழ் சென்று சேரும் இயல்பினை, அமெரிக்கச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் அறிவியல் உலகிற் கண்டு, 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டார். இன்று மென்பொருள் அமைக்கும் குழுக்களிலும் இதனைக் காணலாம். முடிந்த வேலையை மேலதிகாரிக்குக் காட்டியவர் பாராட்டுப் பெறுகின்றார். பழுது நேர்ந்த இரவில் அதனைத் திருத்தியவர் வீரர் ஆகின்றார். பழுதே நேராவண்ணம் முன்கூட்டிச் சோதித்தவரோ கான் வெட்டியவரைப் போல மறைந்து நிற்கின்றார். எந்த வரியை யார் எழுதினார் என்பதைக் கணினிப் பதிவு காட்டும். யாருடைய அறிவுரையால் எந்தப் பிழை தவிர்ந்தது என்பதை அது முழுவதும் காட்டுவதில்லை.

தகாத பாராட்டு பெறுபவருக்கும் நன்மை செய்வதன்று. அவர் தமது குறையை அறியும் வாய்ப்பை இழக்கின்றார். உண்மையில் உழைத்தவரோ ஊக்கம் இழக்கின்றார். ஆகவே புகழ்மொழி கேட்கும் தலைவர், செய்தவர் பெயரை அந்த அவையிலேயே சொல்லுதல் கடமை. எது நன்றாக நடந்தது என்பதோடு, எந்தத் தீங்கு யாரால் நேராது போயிற்று என்றும் அவர் கேட்டறிதல் வேண்டும். கான் வெட்டுவோருக்குப் பேர் கிடையாதெனின், நாளடைவிற் கான் வெட்டுவார் இலராவர். மழை பிடித்த பின்னர் ஆள் தேடிப் பயனில்லை.