அமாவாசைக்குப் போறீங்களா? மானையும் பாருங்க!

தை அமாவாசைக்குக் கோடியக்கரை போய், கடலில் முழுகிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பும் சகோதரிகளே, ஒரு நிமிஷம்! அங்கேயே 1967-லிருந்து வனவிலங்கு சரணாலயம் இருக்கிறதே, பார்த்தீர்களா?

இந்த வருஷம் மாமியாரோடு போனோம். "மானைப் பார்க்க வண்டலூர் போதாதா?" என்றார் என் கணவர். அடைத்து வைத்த மானும் இதுவும் ஒன்றா! புல்வெளி பூராவும் வெளிமான்கள். முறுக்குக் கொம்போடு கறுத்து நிற்பது ஆண், பழுப்பாக இருப்பது பெண். பக்கத்திலேயே காட்டுக் குதிரைகள். சதுப்புத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடின. தின்கிற பாசி, கூனி இறாலால்தான் அந்த ரோஸ் நிறமாம், என் பெண் சொன்னாள்.

விடியற்காலையோ, சாயங்காலம் நாலுக்கு மேலோ போங்க. உச்சி வெயிலில் மான் நிழலுக்குப் போய்விடும். பளிச்சென்ற சேலை வேண்டாம்.

ஒன்றுதான் மனசை அறுத்தது. குட்டியோடு நின்ற பெண்மான் ஒன்று, யாரோ வீசிய புளிசாதப் பாலித்தீன் பையை நக்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் போனால் அதன் கதி? மாமியார் எழுந்து நடக்க, அது துள்ளி ஓடியது. முட்டிவலியோடு குனிந்து பையை எடுத்தவர், தன் ஈரச்சேலைப் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துதான் கொட்டினோம்.

- மன்னார்குடி வாசகி