உங்களுக்குத் தெரியுமா? பாஸ்போர்ட்டிலேயே சத்தியம்!

பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் குட்டி நாடு பலாவ். 2017 டிசம்பரிலிருந்து அங்கே போய் இறங்குபவர்களின் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். தீவையும் கடலையும் காப்பேன் என்று பலாவ் நாட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கும் வாசகம் அது. கீழே கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குள் நுழையலாம்.

கையெழுத்தோடு விட்டார்களா? சுற்றுலாப் பயணிகள் நீந்தி மகிழும் ஜெல்லி மீன் ஏரியில் சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் கலந்திருப்பது தெரியவந்தது. பூசிக்கொண்டு தண்ணீரில் குதித்தால் கரையத்தானே செய்யும்! பவளப்பாறைகளுக்குக் கேடு தரும் ஆக்ஸிபென்சோன் போன்றவை கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. பயணிகள் கொண்டுவந்தாலும் பறிமுதல்தான். ஆகவே பலாவ் கிளம்புபவர்கள், பெட்டி கட்டும்போதே டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.