ஒரு பி.காம்... ஓர் எம்.காம்!

‘இந்தச் சரக்கைப் பொறுத்தவரை எங்களுக்குக் கொள்கை எதுவும் கிடையாது.’

இப்படி ஒரு கடிதத்தை சிங்கப்பூருக்கு அனுப்பிய புண்ணியவான் வேறு யாருமில்லை, அடியேன்தான்! பி.காம் முடித்த கையோடு தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தத் தொழிலில் நாம் யாருக்காக வேலை பார்க்கிறோமோ, அந்தக் கப்பல் கம்பெனிக்கு ‘பிரின்சிபல்’ என்று பெயர். ‘இந்தச் சரக்குக்கு உங்கள் பிரின்சிபல் யார்?’ என்று ஒரு சிங்கப்பூர் புரோக்கர் ஈ-மெயிலில் கேட்டிருந்தார். யாரும் இல்லை என்று பதில் தட்டினேன். கடைசி மூன்று எழுத்து பி-ஏ-எல் என்று வரவேண்டியது, பி-எல்-ஈ என்று போய்விட்டது. அதற்கு அர்த்தம் கொள்கை.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரே வரி. ‘நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.’

எங்கள் மேனேஜர் டெலக்ஸ் காலத்து ஆசாமி. ஆபீசே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பிரிண்ட் அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் டேபிளுக்கு வந்தார்.

“ஏலே, நமக்குக் கொள்கை இல்லங்கிறது நமக்குள்ளயே இருக்கட்டும். அதை எதுக்குலே சிங்கப்பூர் வரைக்கும் எழுதிச் சொல்லுதே?”

ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்போது எனக்குப் புரியாத விஷயம், கம்ப்யூட்டர் ஏன் சிவப்புக்கோடு போட்டு எச்சரிக்கவில்லை என்பதுதான். அது அகராதியில் இல்லாத வார்த்தைக்குத்தான் கோடு போடும். நான் எழுதியதோ அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிற வார்த்தை. இப்போது வருகிற சாஃப்ட்வேர்கள் கொஞ்சம் விவரமானவை. வாக்கியத்தைப் பார்த்துச் சந்தேகம் கேட்கின்றன. நாம்தான் அவசரத்தில் அதையும் தாண்டிப் போய் ‘சென்ட்’ தட்டிவிடுகிறோம்.

ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளின் வில்லங்கமே இதுதான். தமிழில் காதில் விழுந்ததை அப்படியே எழுதினால் பெரும்பாலும் பாஸ். இங்கிலீஷில் காதை நம்பினால் கவிழ்ந்தோம்.

எங்கள் ஊரில் ‘பெர்த்’ இல்லாமல் பேச்சே கிடையாது. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிற இடம் பெர்த். முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் படுத்துக்கொண்டு போகிற பலகையும் பெர்த். கார்ப்பரேஷனில் வாங்குவது பெர்த் சர்ட்டிபிகேட். முதல் இரண்டுக்கும் நடுவில் ‘ஈ’, மூன்றாவதற்கு ‘ஐ’. மாற்றி எழுதினால் கப்பலுக்குப் பிரசவம் ஆகிவிடும்! நான் வைத்துக்கொண்ட குறுக்குவழி இது: பிறந்தது நான், நான் என்றால் ‘ஐ’.

துறைமுகத்தை ஒட்டி முயல்தீவு இருக்கிறது. இங்கிலீஷில் ‘ஹேர் ஐலண்ட்’. ஹெச்-ஏ-ஆர்-ஈ என்றால் முயல். ஹெச்-ஏ-ஐ-ஆர் என்று எழுதினால் முடித்தீவு. முடிக்குள்ளே ஏ-ஐ-ஆர், அதாவது காற்று இருக்கிறது. காற்றில் பறப்பது முடிதானே? (எனக்கு இப்போது பறப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.) கப்பல் அணைகிற மேடைக்குப் பெயர் கியூ-யு-ஏ-ஒய். புதுசாகச் சேருகிறவர்கள் ‘குவே’ என்பார்கள். உச்சரிப்பு ‘கீ’, பூட்டுச் சாவி மாதிரியே.

அப்புறம் ‘பில் ஆஃப் லேடிங்’. சரக்கு கப்பலில் ஏறியதற்கு அத்தாட்சி. இதைப் பலர் ‘லோடிங்’ என்றே சொல்லி, அப்படியே எழுதியும் விடுவார்கள். ‘லேட்’ என்பது ஏற்றுவதற்கான பழைய இங்கிலீஷ் வார்த்தை. அன்றாடப் பேச்சில் அரிதாகிப் போனாலும், இந்தப் பத்திரத்தில் உயிரோடு இருக்கிறது.

‘இதெல்லாம் ஒரு பெரிய தப்பா ஸார்?’ என்று கேட்பீர்கள். லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் வியாபாரம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்திரம் சரியாக இருந்தால்தான் பாங்க் பணம் தரும். பாரிஸில் இருக்கிற சர்வதேச வர்த்தக சபை இதற்கென்றே நடைமுறைப் புத்தகம் போட்டிருக்கிறது. அர்த்தம் மாறாத எழுத்துப்பிழையை அது மன்னித்துவிடும். ‘மெஷின்’ என்பதில் சி-ஹெச் போடாமல் எஸ்-ஹெச் போட்டிருந்தால் பரவாயில்லை. மாடல் நம்பர் 321 என்பதை 123 என்று அடித்திருந்தால் போச்சு. ஆக, அசட்டுப் பிழைக்கு மன்னிப்பு உண்டு. இன்னொரு பொருளைச் சொல்லுகிற பிழைக்குக் கிடையாது. நம்முடைய ஒலி இரட்டையர்கள் இரண்டாவது ஜாதி.

வெள்ளைக்காரனும் காதை நம்பிக் கெட்டவன்தான், அதில் நமக்கு ஓர் ஆறுதல். நம் சங்கை ‘சாங்க்’ ஆக்கினான், கட்டுமரத்தை ‘கட்டமரான்’ ஆக்கினான், மிளகுத்தண்ணியை ‘மல்லிகட்டானி’ ஆக்கினான். தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆனது. 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துச் சொச்சம் ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படியே இங்கிலீஷில் எழுத ஆணை போட்டது. எங்கள் ஊர்ப் பெயரில் ஹெச் மேல் ஹெச்சாக விழுந்தது. சில நாட்களிலேயே ஆணை வாபஸ்!

இனி ஆர்டிகிள் சமாசாரம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வாத்தியார் இல்லை, என் பக்கத்து சீட் தம்பி.

திரேஸ்புரத்துப் பையன். எம்.காம் வரை தமிழ் வாடை மாறாமல் படித்து வந்தவன். காற்றைப் பார்த்து மழையைச் சொல்லுவான், கயிற்றைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாள் தாங்கும் என்பான். ஆனால் இங்கிலீஷ் மெயில் என்றால் கீ போர்டிலிருந்து கையை எடுத்துவிடுவான். கப்பலுக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்து வருகிற போர்டிங் ஆபீசர் வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இரண்டு தடவை அவனைத் தாண்டி வேறு ஆட்களுக்குப் போனது. காரணம், ரிப்போர்ட் எழுத வராது. முதல் இன்டர்வியூவில் ‘ஐ ஆம் ஏ எம்.காம்’ என்று ஆரம்பித்ததற்கு யாரோ சிரித்தார்களாம். அன்றைக்கு மூடிய வாய்.

லீவ் லெட்டரைக்கூடத் தமிழில்தான் கொடுப்பான். ஒருநாள் அது என் கண்ணில் பட்டது. ‘ஊரில் ஓர் அவசர வேலை, ஒரு நாள் விடுப்பு தேவை.’

படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்றதற்கு முன்னால் ‘ஒரு’. அச்சாக ‘ஆன்’, ‘ஏ’! அவனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, யூரியா கப்பலுக்கு ‘ஆன்’தானே? ‘யு’ல ஆரம்பிக்கே?”

“இங்கிலீஷ் எழுத்தை மறந்துரு. யூரியாவைத் தமிழ்ல எழுது. ஒரு யானையா, ஓர் யானையா?”

“ஒரு யானை... அப்ப ஏ யூரியா!”

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. யூனிவர்சிட்டி, யூரோப்பியன் எல்லாம் ‘ஒரு’ ஜாதி. ‘அவர்’ ஹெச்சில் தொடங்கினாலும் ‘அ’ ஒலி, அதனால் ஓர். எல்.சி.க்கு ‘எ’, எஃப்.ஓ.பி.க்கு ‘எ’, இரண்டுக்கும் ஓர். கடைசியில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “ஒரு பி.காம்... ஓர் எம்.காம். ஐ ஆம் ஆன் எம்.காம்.”

நான் ‘ஏ பி.காம்’. அவன் ‘ஆன் எம்.காம்’. ஆர்டிகிளிலும் என்னைவிட ஓரெழுத்து கூடத்தான்.

ஒரு எச்சரிக்கை. வாயில் வருகிறபடி எழுத வேண்டும். ‘ஒன் டே மாட்ச்’ என்று எழுதி ‘ஓர்’ போட்டால் அவுட். உச்சரிப்பு ‘வன்’. அதேபோல ‘யெம்.காம்’ என்று சொல்லுகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

‘தி’ வேறு மாதிரி. அதற்கு நம்மிடம் சொல்லே கிடையாது, பழக்கத்தில்தான் வரும். தூத்துக்குடிக்கு ‘தி’ வேண்டாம், மன்னார் வளைகுடாவுக்கும் தாமிரபரணிக்கும் வேண்டும். ஸ்ரீலங்காவுக்கு வேண்டாம், மாலத்தீவுக்கு வேண்டும். எங்கள் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிப் போகிற தோணியில் கூடவே ஒரு ‘தி’யையும் ஏற்றி அனுப்புங்கள். பின்னால் நம்பர் வந்தால் இறக்கிவிடலாம்: ‘பெர்த் நம்பர் 3’ என்றாலே போதும்.

“நான் முப்பது வருஷமா ஆர்டிகிளே போட்டதில்லலே” என்பார் அண்ணாச்சி. உண்மைதான். தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு, டெலக்ஸில் நேரத்துக்குக் காசு. ஏ-யும் தி-யும் தண்டச்செலவு. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோனது. கப்பல்காரர்களின் மெயிலில் அந்தச் சிக்கனம் மட்டும் நிற்கவில்லை. அவர்களுக்குள் அது செல்லும். ஆனால் ஓரிடத்தில் செல்லாது. அதை நான் கற்றுக்கொண்டதும் தம்பியிடம்தான்.

மூன்றாவது தடவை போர்டிங் ஆபீசர் வேலை அவனுக்கே கிடைத்தது. முதல் மாசமே ஒரு யூரியா கப்பல். ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து மெயில்: மூன்றாம் நம்பர் ஹோல்டில், அதாவது கப்பலின் சரக்கு அறையில், ‘ஏ லிட்டில்’ தண்ணீர். ‘லிட்டில்’ என்று மட்டும் எழுதினால், இருந்தாலும் இல்லாத மாதிரிதான், தூங்கப் போங்கள் என்று அர்த்தம். முன்னால் ‘ஏ’ போட்டால் கொஞ்சம் இருக்கிறது, எழுந்து வாருங்கள் என்று அர்த்தம். யூரியாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

போன் போட்டேன். “தம்பி, லிட்டிலா, ஏ லிட்டிலா? நல்லாப் பாத்துத்தான் எழுதினியா?”

“அண்ணே, ‘ஏ’ போட்டிருக்கேம்லா! பேசிக்கிட்டே நிக்காம சர்வேயரைக் கூட்டிட்டு வாங்க!”